அந்தப் போட்டோ மூக்கிரட்டை இல்ல, சாரணை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் மூக்கிரட்டைக் கீரை பத்தி போட்டிருந்தீங்க, படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், ஆனா பக்கத்துல இருக்க போட்டோ மூக்கிரட்டை இல்லங்க, அது சாரணை. ரெண்டும் தரையோட தரையா படரும், ரெண்டுலயும் கணுவுல எதிரெதிர் இலை ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கும், அதான் ஏமாந்துடுவோம். ஆனா அந்தப் படத்தை வெச்சிட்டு பறிக்கப் போறவங்க இருக்காங்களே, அதனாலதான் எழுதுறேன்.

நான் வளந்தது அயனாவரம். மழை விட்ட கொஞ்ச நாள்ல ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் காலி எடமெல்லாம் மூக்கிரட்டை கெளம்பிரும், வெயில்ல மேல காஞ்சி செத்த மாதிரி கெடந்தாலும் கிழங்காட்டம் இருக்க வேர் உள்ள உசுரோடதான் இருக்கும், அதான் ஆயுர்வேதத்துல புனர்நவான்னு பேரு, திரும்பவும் புதுசாகுறதுன்னு அர்த்தம். எங்க ஆயா பறிச்சிட்டு வந்தா அவங்க பொடவை ஓரம் பூரா குட்டிக் குட்டியா பச்சைக் காய் பிசுபிசுன்னு ஒட்டிட்டு வரும், நான் ஒக்காந்து ஒவ்வொண்ணா பிச்சி எடுப்பேன். அந்த ஒட்டுற காய்தாங்க அடையாளம். பூவையும் பாருங்க, மூக்கிரட்டைக்கு மெல்லிசா காம்பு நீண்டு நுனியில கடுகு சைஸ்ல ரோஸ் பூ கொத்தா நிக்கும். சாரணைக்குக் காம்பே கெடையாது, இலை இடுக்குல ஒத்தைப் பூ ஒட்டி ஒக்காந்திருக்கும், தண்டும் சதைப்பத்தா இருக்கும். சாரணையும் எளசா இருந்தா ஆஞ்சி சமைக்கிறவங்க உண்டு, முத்துனது பேதியாக்கும், அதோட வேர கர்ப்பமா இருக்கவங்க தொடவே கூடாது.

அம்மாவுக்கு கால் வீங்குனா ஆயா மூக்கிரட்டைக் கொழுந்தா கிள்ளி பொடியா நறுக்கி பாசிப்பருப்பு, பூண்டு போட்டு கூட்டு வெப்பாங்க, நீர் பிரிஞ்சி வீக்கம் வத்தும்னு. மலச்சிக்கலுக்கும் அதேதான்.

இன்னொரு விஷயம், கிட்னிக்கு நல்லதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. இதுல பொட்டாசியம் உப்பு இருக்கு, கிட்னி பழுதாகி பொட்டாசியத்தைக் கொறைக்கச் சொன்னவங்க, நீர் பிரியுற மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேக்காம சாப்புடவே கூடாது, இத கண்டிப்பா போட்டிருக்கணும். தாம்பரம் சானட்டோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு, அங்க போய் கேக்கலாம்.

அடுத்த இதழ்ல பூவும் காயும் தெரியுற மாதிரி கிட்ட வெச்சி எடுத்த போட்டோவா போடுங்க. எங்க மொட்டை மாடித் தொட்டியில ஒரு செடி இருக்கு, வேணும்னா நானே எடுத்து அனுப்புறேன்.

ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை - 23