டோர்ட்டை வைத்துக்கொள்வதா? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் நோட்டை முழுக்கக் கேட்டேன். செம்பூர் ஸ்டேஷன் வாசல் ரிக்‌ஷாக்காரர்களின் கூச்சலையும் மீறி உன் கோபம் கேட்டது. "லூ டோர்ட்டை விட்டுட்டாங்கன்னா தண்டர் ஆட்டம் பார்க்கிறதையே நிறுத்திடுவேன் மாமா" என்கிறாய், அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் தற்காப்பு வீரரைப் பற்றி. பதிலை வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இங்கேயே எழுதிவிடுகிறேன். உன்னைப் போலப் புலம்புகிற இன்னும் நாலு பேர் படிக்கட்டும்.

உன் கோபம் நியாயம்தான். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற 2019 டிராஃப்டில் டோர்ட்டை எந்த அணியும் எடுக்கவில்லை. டூ-வே ஒப்பந்தத்தில் (கிளை அணிக்கும் சேர்த்து ஆடுகிற சிறு ஒப்பந்தம்) ஒரு ஓரமாக உள்ளே வந்தவர், 2025இல் தற்காப்பு ஆட்டத்துக்கான முதல் ஐவரில் ஒருவர், சாம்பியனும்கூட. ஸ்க்ரீன் போட்டு, அதாவது வழியை மறித்து, நிற்பவனின் தோளில் இடித்து, பக்கவாட்டில் நழுவி, பந்து வைத்திருப்பவனின் நெஞ்சுக்கு நேரே மறுபடி வந்து நிற்பார் பார், அதை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் கணக்கையும் பார். மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி லீகுக்கு வரி கட்ட வேண்டும். 2026-27இல் அணியின் நட்சத்திரங்கள் ஷாய், செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கு மட்டுமே ஏறக்குறைய 12 கோடி டாலர் போய்விடும். அதற்கு அடுத்த ஆண்டு ஷாயின் புது ஒப்பந்தம் தொடங்குகிறது: நான்கு ஆண்டுக்கு 28.5 கோடி. அதே 2026-27க்கு, கூடையடியில் நிற்கிற உயரமான ஆள் (சென்டர்) ஹார்ட்டன்ஸ்டைனை 2.85 கோடிக்கு வைத்துக்கொள்வதா, டோர்ட்டை அதைவிட ஏறக்குறைய ஒரு கோடி குறைவாக வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்கிற உரிமை அணியின் கையில். வேண்டாம் என்றால் அவர்கள் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம்.

இந்த இடத்தில் இந்த அணி ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறது. நீ அப்போது ரொம்பச் சின்னவன். 2012 பைனல்ஸில் மயாமியிடம் தோற்ற தண்டரில் டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன், இபாக்கா நால்வரில் 23 வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. அந்த ஆகஸ்டில் இபாக்காவுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஹார்டனுக்கும் பேசினார்கள். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 50 லட்சம் டாலர்தான் இழுபறி என்று அப்போது எழுதினார்கள். அக்டோபர் கடைசியில் அவரை ஹியூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அந்த நால்வரில் மூவர் ஆளுக்கொரு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினார்கள். 2014இல் டுரான்ட், 2017இல் வெஸ்ட்புரூக், 2018இல் ஹார்டன்.

வரி பயம் புரிகிறது. அந்த அவசரம்தான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஹார்டனுக்கு இன்னும் ஒரு சீசன் பாக்கி இருந்தது. அது முடிந்தாலும் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்டாகத்தான் ஆகியிருப்பார். வெளியிலிருந்து எந்த வரன் வந்தாலும் முறைமாமனைக் கேட்காமல் தட்டு மாற்ற முடியாது என்பது போல, வேறு அணி நீட்டிய தொகையை அப்படியே கொடுத்துத் தண்டர் அவரை நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

அதே சாம் பிரெஸ்டிதான் இன்றும் அங்கே நிர்வாகி. 2024 கோடையில் அவர் செய்ததைக் கவனி. ஆரன் விகின்ஸையும் ஐசையா ஜோவையும் ஆளுக்கு 20 லட்சம் டாலர் சொச்சத்தில் இன்னொரு ஆண்டு வைத்துக்கொண்டிருக்கலாம். வேண்டுமென்றே அந்த உரிமையை விட்டுவிட்டு, ஜோவுக்கு நான்கு ஆண்டு 4.8 கோடி, விகின்ஸுக்கு ஐந்து ஆண்டு என்று புதிதாக எழுதினார். விகின்ஸின் சம்பளம் போகப் போகக் குறையும். செட்டும் ஜேலனும் இன்னும் மலிவாக இருந்த ஆண்டுகளிலேயே கூடுதலாகக் கொடுத்து, பிற்பாடு சுமையைக் குறைத்துக்கொண்டார். பொறுப்பான வேலை.

மனம் இருந்தாலும் முடியாமல் போவதும் உண்டு. ஹார்ட்டன்ஸ்டைனை அவருடைய முந்தைய அணியான நியூயார்க் விட விரும்பவில்லை. அவர் அங்கே ஆடியது இரண்டே சீசன் என்பதால், முழு பேர்ட் ரைட்ஸ் (சம்பள வரம்பைத் தாண்டியும் சொந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற உரிமை) இல்லாமல் நான்கு ஆண்டுக்கு 7.25 கோடி வரைதான் அவர்களால் எட்ட முடிந்தது. தண்டர் மூன்றே ஆண்டுக்கு 8.7 கோடி கொடுத்தது. 2019இல் நம்ம மும்பை வொர்லி டோமில் முதல் நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா, இண்டியானா 132-131 என்று ஓவர்டைமில் ஜெயித்ததே? அந்த இண்டியானாவின் மைல்ஸ் டர்னர் 2025இல் பைனல்ஸ் ஆடி முடித்த கையோடு மில்வாக்கிக்குப் போய்விட்டார். அவர் விஷயத்தில் முறைமாமன் உரிமையெல்லாம் கிடையாது.

சரி, டோர்ட்டா ஹார்ட்டன்ஸ்டைனா? ஒருவர்தான் என்றால் நான் ஹார்ட்டன்ஸ்டைன் பக்கம். அடிக்காதே. 2024 நவம்பரில் செட்டுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது ஹார்ட்டன்ஸ்டைனும் கை உடைந்து உட்கார்ந்திருந்தார், ஆறடி ஐந்தங்குல ஜேலனை சென்டராக நிறுத்தினார்கள். அந்த இடம் காலியானால் நிரப்ப ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். டோர்ட் செய்கிற வேலையில் பெரும்பகுதியை கேசன் வாலஸ் இப்போதே செய்கிறான், வயதும் குறைவு. ஆனால் ஹார்ட்டன்ஸ்டைனுக்கு 2.85 கோடி கொடுக்க மாட்டேன். அந்த ஓர் ஆண்டை விட்டுவிட்டு, விகின்ஸுக்குச் செய்தது போல நீளமாக, ஆண்டுக்குக் குறைவாக எழுதுவேன். டோர்ட்டும் அதற்கு ஒத்துக்கொண்டால் இருவரையுமே வைத்துக்கொள்வேன். அவர் ஒத்துக்கொள்வாரா என்பதுதான் சந்தேகம். வெளியே அவருக்குக் கூடுதல் பணம் காத்திருக்கும்.

இன்னொன்று. ஜூலை 1 அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்து அம்மாவை எழுப்பித் தொலைக்காதே. அது வெளி அணி ஆட்டக்காரர்களோடு பேச்சு தொடங்குகிற நேரம். சொந்த ஆட்டக்காரர்களோடு பைனல்ஸ் முடிந்த மறுநாளே பேசலாம். டோர்ட் செய்தி ஜூன் முடிவதற்குள் வந்துவிடும்.

அன்புடன்,
மாமா