ஸ்கேன் அறை வாசலில் பார்த்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பெயரைக் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. சென்ற வாரம் ஸ்கேன் அறை வாசலில், தலைக்கட்டோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் உங்கள் மகன். "வீட்டுக்கு எப்போது போவோம் அம்மா?" என்று பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்டான். நான்கு முறையும் முதல் தடவை போலவே பதில் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னப் பிள்ளைதானே அக்கா, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சரியாகிவிடும் என்கிறார்கள்" என்றீர்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாராவது உங்களிடம் காட்டுவார்கள் என்று நம்பி, எல்லோர் கண்ணிலும் படும்படி இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஐந்து வயதில் தலையில் அடிபட்டது. பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தான், ஹெல்மெட் கிடையாது. மருத்துவமனையில் சேர்த்தபோது ஜிசிஎஸ் 6 என்று எழுதினார்கள். நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்குப் போடும் மதிப்பெண் அது. 15 என்றால் முழு நினைவு, 3 என்றால் எதற்கும் அசைவில்லை, 8க்கு இறங்கிவிட்டாலே கடுமையான காயம் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. பதினோராம் நாள் "அம்மா" என்றான். மூன்று மாதத்தில் ஓடினான். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். ஒன்றாம் வகுப்பில் கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை.

தொல்லை தலைகாட்டியது நான்காம் வகுப்பில். அந்த வயதில் மற்ற பிள்ளைகள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும், கோபத்தை விழுங்கவும், எந்த இடத்தில் எதைப் பேசக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இவன் கற்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு துக்க வீடு. கூடத்தில் உடலைக் கிடத்தியிருக்க, "சாப்பாடு எப்போது போடுவார்கள்?" என்று உரக்கக் கேட்டான். இழுத்துக்கொண்டு வந்து அடித்தேன். அன்று இரவு, "நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள் அம்மா" என்று அழுதான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சின்னப் பிள்ளை சீக்கிரம் தேறும் என்பதை வெறும் ஆறுதல் என்று நான் தள்ளவில்லை. 1930களில் மார்கரெட் கென்னார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குரங்குகளிடம் அதைப் பார்த்தார். மூளையில் கைகாலை இயக்கும் பகுதி சேதமான குட்டிகள், அதே சேதத்துக்கு ஆளான பெரிய குரங்குகளைவிட நன்றாகத் தேறின. என் மகனின் கைகால்களுக்கும் அது பலித்தது. குணத்துக்குப் பலிக்கவில்லை. வேகமாக மோதும்போது மூளையின் முன்பகுதி, மண்டையோட்டின் உட்புறத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும் எலும்பில் உரசிக் காயப்படுகிறது. நினைத்ததைச் செய்துவிடாமல் நம்மைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பகுதிதான். அது முழுதாக வளர இருபது வயதுக்கு மேலாகும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் யாரும் நிதானத்தை எதிர்பார்ப்பதில்லை. அதனால் இல்லாதது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் தெரிந்தபோது, விபத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்றார்கள்.

1999இல் அமெரிக்காவின் அயோவாவில், கைக்குழந்தையிலேயே மூளை சேதமான இருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். ஒருவருக்குப் பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது வண்டி ஏறியது. இன்னொருவருக்கு மூன்று மாதத்தில் கட்டி எடுத்தார்கள். சேதம் மூளையின் முன்பகுதியில். இருவரும் நன்றாகத் தேறினார்கள், அறிவுத்திறன் சோதனையிலும் குறையில்லை. ஆனால் வளர வளர, தண்டனையோ கெஞ்சலோ எதுவும் அவர்களைத் திருத்தவில்லை. இதே பகுதியில் பெரியவர்களாகி அடிபட்டவர்களுக்கு எது சரி, எது தவறு என்பதாவது தெரிந்திருக்கும், அதன்படி நடந்துகொள்ளத்தான் முடியாது. இவர்களுக்கு அதைக் கற்கும் வாய்ப்பே அமையவில்லை. இதைப் படித்த இரவில்தான் நான் கையை ஓங்குவதை நிறுத்தினேன். உங்கள் மகனும் இப்படித்தான் ஆவான் என்று சொல்லவில்லை, தங்கையே. அவர்களுடையது மிகப் பெரிய சேதம். எந்தக் குழந்தை எவ்வளவு தேறும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும்.

பிறகு ஒரு நோட்டில், அவன் கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதத் தொடங்கினேன். கத்தியதை எழுதிப் பயனில்லை, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான் விஷயம் இருந்தது. பெரும்பாலும் மாலை நேரம், சத்தம், அல்லது "பையை வை, கை கழுவு, டிபன் டப்பாவை எடு" என்று நான் மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொன்னது. இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் இருட்டறையில் படுக்கிறான். டியூஷனை நிறுத்திவிட்டோம். ஒஹாயோ மாநிலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்காகக் கவனித்தவர்கள், வீட்டின் போக்கும் பெற்றோர் நடத்தும் விதமும் குழந்தையின் நடத்தையில் தெரிகிறது என்கிறார்கள். என் வீட்டில் அதைக் கண்ணால் பார்க்கிறேன். நண்பர்களைத்தான் என்னால் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை. பதின்மூன்று வயதாகிறது, பிறந்தநாளுக்கு அவனை யாரும் அழைப்பதில்லை.

வெளியே உதவி குறைவு. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அது உயிரைக் காக்கிற நல்ல திட்டம். அதன் பிறகு வரும் ஆண்டுகளுக்கு அதில் எதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது, அதில் மூளைக்காயம் என்ற பெயர் இல்லை. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990இலேயே அது தனி வகையாகச் சேர்ந்துவிட்டது. நடக்கிறான், கணக்குப் போடுகிறான், பிறகென்ன குறை என்று ஒரு பள்ளி எங்களிடம் டிசியைக் கொடுத்தது.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பாசிரியரிடம் அதன் நகலைக் கொடுங்கள், அவன் நன்றாக இருக்கும் ஆண்டிலும் கொடுங்கள். இன்னொன்று. மயக்கம் தெளிந்த பிறகும் நடப்பது மனதில் தங்காமல் கேட்டதையே கேட்கிறானே, அந்தக் காலம் எத்தனை நாள் நீண்டது என்பதை வைத்துத்தான் காயத்தின் ஆழத்தைக் கணிப்பார்கள். பல ஆண்டுகள் கழித்தும் மருத்துவர்கள் அதைக் கேட்பார்கள். என்னைக் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு எப்போது போவோம் என்று அவன் ஒரே ஒரு முறை கேட்டு, உங்கள் பதிலை மறுநாளும் நினைவில் வைத்திருக்கும் தேதியைக் குறித்துவையுங்கள்.

உங்கள் அக்கா