காய்ச்சிய எண்ணெயும் மயிர்க்காலும்

ஆசிரியருக்கு,

செங்கோட்டை-புனலூர் சாலைக் கடைகளில் கரிசலாங்கண்ணி எண்ணெய் ‘வழுக்கையிலும் முடி’ என்று விற்கிறது. மயிர்க்காலின் அடியிலுள்ள பாப்பில்லா செல்கள்தான் வளர்ச்சிக்குச் சமிக்ஞை தருபவை. கரிசாலைச் சாறு ஓய்விலிருந்த மயிர்க்கால்களை வளர்நிலைக்குத் தள்ளியது எலிகளில்! மனிதரிடம் ஓரளவு சான்றுள்ளது ரோஸ்மேரி என்ற மூலிகையின் எண்ணெய்க்கு. 2015இல் வெளியான, 100 பேரிடம் நடந்த ஆய்வில் முடி வளர்க்கும் மருந்தான 2 சதவீத மினாக்ஸிடிலுக்கு ஈடுகொடுத்தது. அதுவும் மூன்றாம் மாதத்தில் ஒன்றுமில்லை, ஆறாம் மாதத்தில்தான் பலன்.

30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு ரோஸ்மேரி எண்ணெய் போதும். ஆறியபின் விடவேண்டும், சூட்டில் விட்டால் வாசனையோடு சத்தும் பறந்துவிடும். கரிசாலை காய்ச்சுபவர்கள் சலசலப்பு அடங்குமுன் இறக்கினால், தங்கிய ஈரத்தால் எண்ணெய் சீக்கிரமே காறிப்போகும். பொடுகுள்ளவர்கள் இரவெல்லாம் ஊறவிட்டால் செதில் கூடும். மயிர்க்காலே அழிந்த பளபள மண்டையில் எந்த எண்ணெயும் வேலை செய்யாது. இதை பாட்டிலில் அச்சிட வைத்தாலென்ன?

- ஒரு வாசகர், செங்கோட்டை