நிவாரணப் பட்டியலை முன்னாலேயே ஒட்டட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். சின்னவளுக்குக் கும்பகோணத்திலேயே வேலை கிடைத்துவிட்டது.

பயிர்ச் சேத நிவாரணம் வாங்குகிறவர்கள் பெயரை ஊரறிய ஒட்டினால் பகைதான் வளரும் என்று எழுதியிருக்கிறாய். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

2023 பிப்ரவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எங்கள் வாய்க்காலுக்கு அக்கரையில் ஒருவர் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். நாற்றுவிட்டது, களையெடுத்தது, மனைவியின் தோட்டை அடகு வைத்து உரம் வாங்கியது எல்லாம் அவர்தான். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் இருந்ததோ வெளியூரில் குடியிருக்கும் நிலக்காரர் பெயர். உழுதவருக்கு வந்திருக்க வேண்டிய ஏறத்தாழ 12,000 ரூபாய் நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. குத்தகைக்காரருக்கு அது தெரிந்தபோது மறு சாகுபடியே தொடங்கிவிட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்தும் இங்கே பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில்தானே நடக்கிறது! பணம் போவதற்கு முன்னால் பட்டியலைப் பார்த்திருந்தால் அந்த மனிதர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றிருப்பார். சாகுபடி செய்தது யார் என்று அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சொல்லியிருப்பார்கள். பணம் பட்டுவாடா ஆன பிறகு ஒட்டுகிற பட்டியலால் மனக்கசப்பு மட்டுமே மிஞ்சும். அந்த அளவில் நீ சொல்வது சரி.

இது புதிய கோரிக்கையும் அல்ல. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவிலேயே சொல்கிறது. நூறு நாள் வேலையில் யாருக்கு எவ்வளவு கூலி என்பதைச் சமூகத் தணிக்கையில் ஊர் நடுவே வாசிக்கிறோம். மண் சுமந்தவளின் கூலியை ஊரே கேட்கலாம், நிலம் வைத்திருப்பவர் வாங்கிய நிவாரணத்தை மட்டும் கேட்கக்கூடாதா? எனக்கு இது பொறுக்கவில்லை.

விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிரதமர் கிசான் திட்டத்தில் கிராமவாரிப் பட்டியல் இணையத்தில் இருந்தும் 2020இல் மோசடி நடந்ததே என்பாய். நடந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களையெல்லாம் சேர்த்து, தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்களுக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போனது. இணையத்தில் அதைத் தேடிப் பார்க்க நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஊராட்சி அலுவலகச் சுவரில் இருந்தால் பால் ஊற்றப் போகிறவர்கூட நின்று படிப்பார். இல்லாத நிலத்துக்கு யார் பெயர் ஏறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் யாருக்கும் வேண்டாம். பெயர், சர்வே எண், பரப்பு, சேத சதவீதம், தொகை, இவை போதும். விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் பெயரும் காரணத்தோடு அதே தாளில் இருக்க வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தியிருக்கிறது. அதைக் காட்டி இனி இந்த விவரங்களையும் மறுப்பார்களோ என்பதுதான் என் பெரிய கவலை.

அக்டோபர் 2 கிராம சபையில், மழைக்கு முன்னாலேயே, இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நினைக்கிறேன். நீ தாலுகா ஆபீஸில் இத்தனை காலம் வேலை பார்த்தவன். வாசகத்தை நீயே எழுதி அனுப்பு. ஆட்சேபணை சொல்ல எத்தனை நாள் அவகாசம் கேட்கலாம், அடங்கலில் சாகுபடிதாரர் பெயரை ஏற்ற யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்