வீட்டில் பீர் காய்ச்சப் பச்சை ஹாப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. ஹாப் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் காய்; பச்சை ஹாப் என்றால் உலர்த்தாதது. வாஷிங்டன் மாநிலம் யாக்கிமாவில் ஹாப் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும்; பச்சை ஹாப் பீர் செப்டம்பரில் பீர்க்கடைக் குழாய்க்கு வரும்.

காய் புதுசா என்று பிளந்து பாருங்கள்: உள்ளே மஞ்சள் தூள் விரலில் பிசுபிசுக்கணும், எலுமிச்சைத் தோல் மாதிரி மணக்கணும். மூட்டையாகக் கிடந்தால் சூடேறிப் புழுங்கி, வைக்கோல் வாடை வந்துவிடும். பறித்த 24 மணி நேரத்துக்குள் பீர் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். பச்சை ஹாப்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே காய்ந்தது 100 கிராமுக்குப் பச்சையாக 500 கிராம் வேண்டும். பச்சை ஹாப்பின் கசப்பைக் கணிக்க முடியாததால் கொதியின் தொடக்கத்தில் காய்ந்த ஹாப், அடுப்பை அணைக்கும்போதுதான் பச்சை. துணிப்பையில் தளர்வாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும்.

இந்த பீருக்குத் தொட்டுக்கொள்ள யாக்கிமா மெக்சிகன் கடைகளின் பன்றிக்கறி தமாலேதான் (சோள மடலில் சுற்றி வேகவைத்த சோளமாவுக் கொழுக்கட்டை) அருமை. பீரின் கசப்பால் சோளமாவில் சேர்த்த கொழுப்பு நாக்கில் தங்காது.