பூட்டும் கூட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கேட்டிருந்த கேள்விகளை வரிசையாகப் படித்தபோது, இது அரைப் பக்கத்தில் முடிகிற சங்கதி இல்லை என்று தெரிந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.

முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல். தேர்வில் ஜெயித்ததற்குப் பரிசாகப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னாள், நீயும் வாய்தவறிச் சரி என்று சொல்லிவிட்டாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். விடுதி மாடிப்படியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு இறங்கியவன் நீ. பரவாயில்லை. நானும் நாற்பத்தி மூன்று வயதில்தான் முதன்முதலாகக் காலில் சறுக்குப் பலகை கட்டினேன். இதுவரை ஆறு முறை ஆல்ப்ஸ் போய்வந்துவிட்டேன். முழங்கால் இரண்டும் இன்னும் என்னோடுதான் இருக்கின்றன, இடதுபக்கம் மட்டும் மழைக்காலத்தில் முணுமுணுக்கும்.

'எல்லாவற்றையும் வாங்கிவிடட்டுமா, இல்லை வாடகைக்கு எடுக்கட்டுமா' என்று கேட்டிருந்தாய். முதல் தடவைக்குப் பலகை, ஊன்றுகோல், பூட் காலணி, ஹெல்மெட் நான்கும் வாடகைக்கே எடு. ஜாக்கெட்டும் கால்சட்டையும் யாரிடமாவது கடன் கேள். ஒரு வாரம் போட்டுவிட்டுப் பரணில் ஏற்றியவர்கள் எங்கும் இருப்பார்கள். காசு போட்டு வாங்க வேண்டியவை மூன்றுதான்: நல்ல காலுறை, தண்ணீர் புகாத கையுறை, பனிக்கண்ணாடி. கண்ணாடியில் மிச்சம் பிடிக்காதே. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறக்குறையப் பத்து சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் மேலிருந்து மட்டும்தான் வரும் என்று நம்பி நான் நெற்றிக்கும் கன்னத்துக்கும் மட்டும் கிரீம் தடவினேன். மூக்குத் துவாரத்தின் அடிப்பக்கம் வெந்துபோனது. அப்படி ஒரு இடம் வேகும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இனி பூட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் முதல் பயணத்தைக் கெடுத்தது அதுதான். வாடகைக் கடையில் ஒரு ஜோடி கொடுத்தார்கள். கால் சுகமாக உள்ளே போனது. கூட இரண்டு தடித்த காலுறை வேறு. 'ஆகா, மெத்தை போல இருக்கிறது' என்றேன். கடைக்காரப் பையன் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினான். மூன்றாம் நாள் இரண்டு கட்டைவிரல் நகமும் கருநீலம். பூட் பெரிதாக இருந்ததால் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் முன்னால் வழுக்கி நுனியில் இடித்திருக்கிறது. இரண்டு காலுறை போட்டதால் ரத்த ஓட்டம் குறைந்து குளிரும் கூடிவிட்டது. மெல்லிசாக ஒன்றே போதும், அது முழங்கால் வரை நீளமாக இருக்க வேண்டும்.

இந்தப் பூட்டுக்கு அளவு செருப்புக்கடை எண் இல்லை, பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்து வைத்துக்கொள். 26.5 என்றால் 26.5தான். அங்கே போனதும் 27.5 கேட்காதே. கடையில் பூட்டுக்குள் இருக்கும் மெத்து உறையை உருவிவிட்டு, வெளியே இருக்கும் கெட்டி ஓட்டுக்குள் மட்டும் காலை விடு. விரல்நுனி முன்னால் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் இரண்டு கைவிரல் நுழைகிற இடம் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடு. முழுதாக மாட்டி நேராக நிற்கும்போது விரல்கள் முன்சுவரைத் தொடும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் பின்னுக்கு அமர்ந்து விரல்கள் விடுபடும். அதுதான் பொருத்தம். மெத்தை போல இருந்தால் தப்பு என்று வைத்துக்கொள்.

இரண்டாம் முறையும் போக ஆசை வந்தால் முதலில் வாங்க வேண்டியது பூட். பலகையை அப்போதும் வாடகைக்கே எடு. விமானத்தில் அதற்குத் தனிச் சுமைக் கட்டணம், வீட்டில் வைக்க இடம், ஓரத்தைத் தீட்ட வேண்டும், அடியில் மெழுகு பூச வேண்டும். இத்தனையும் ஆண்டுக்கு ஆறு நாளுக்காக! பூட்டை மட்டும் கைப்பையில் எடுத்துப் போ. பெட்டி தொலைந்தாலும் மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும், உன் காலுக்குப் பழகிய பூட் கிடைக்காது.

கடையில் எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவாய் எல்லாம் கேட்பார்கள். பூட்டைப் பலகையோடு பிணைக்கிற பைண்டிங், விழும்போது எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்று அதை வைத்துத்தான் திருகுவார்கள். இங்கே வெட்கப்படக் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் எடையில் எட்டுக் கிலோ குறைத்துச் சொல்லிவிட்டார். அவர் பலகை சும்மா நின்றாலே கழன்றது. எதிர்ப்பக்கம் பொய் சொன்னால் இன்னும் மோசம். கெட்டிக்காரன் என்று எழுதிக்கொடுத்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஐம்பதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு படி குறைத்து வைப்பது அட்டவணையிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் உனக்கு ஐம்பது என்பதை மறக்காமல் சொல்.

செலவில் பெரிய உருப்படி கருவிகளே இல்லை. தங்குமிடமும், மலைமேல் ஏற்றிவிடும் லிப்டுக்கான சீட்டும்தான். பிரான்சில் கூர்ஷெவெல், மெரிபெல், வால் தோரான்ஸ் ஆகிய ஊர்கள் இருக்கும் மூன்று பள்ளத்தாக்கையும் சேர்த்து 600 கிலோமீட்டர் பாதை என்று விளம்பரத்தில் பார்த்ததும் வாய் பிளப்பாய். முதல் வாரத்தில் நீ சுற்றிவரப் போவது அதில் மூன்றோ நான்கோ சரிவு. பழகுபவர்களுக்கென்று குறைந்த கட்டணச் சீட்டு பல இடங்களில் உண்டு. சில ஊர்களில் அடிவாரத்துச் சின்ன லிப்டுக்குக் காசே வாங்குவதில்லை. மிச்சப்படுவதைப் பயிற்சி வகுப்பில் போடு. ஐரோப்பாவில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறும். ஆஸ்திரியா போன்ற சில நாடுகளில் நீலத்தில்தான் ஆரம்பம். மகள் என்ன சொன்னாலும் இந்தப் பயணத்தில் சிவப்புப் பாதையின் அறிவிப்புப் பலகை உன் கண்ணில் பட வேண்டாம்.

அப்புறம் தேதி. பிப்ரவரியில் பிரான்சில் பள்ளி விடுமுறை மூன்று மண்டலமாக நான்கு வாரத்துக்கு நீளும். அப்போது லிப்டுக்கு வரிசையில் நிற்பதே விளையாட்டாகிவிடும். புத்தாண்டு முடிந்த ஜனவரி மலிவு, ஆனால் கடுங்குளிர், பகலும் சின்னது. எனக்கு மார்ச் பிடிக்கும். காலையில் கெட்டியாக இருக்கும் பனி மதியத்துக்குமேல் இளகிக் கஞ்சியாகிவிடும் என்ற குறை உண்டுதான். அதற்கு வால் தோரான்ஸ் போல 2,300 மீட்டரில் இருக்கும் ஊராகப் பார்க்கலாம். காப்பீட்டில் மலை மீட்பு, ஹெலிகாப்டர் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார். இத்தாலிப் பக்கம் போனால், நீ மோதி அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு 2022 முதல் கட்டாயம். அவ்வளவுதான் கணக்கு வழக்கு.

இப்போது ஷாலே. எட்டுப் பேர் சேர்ந்து ஒன்றை முழுதாக எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். மரவீடு, கீழே பூட் காய வைக்கும் அறை, மேலே நீண்ட மேசை. காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அங்கேயே சமைத்துப் போடுவார்கள், சாயங்காலம் திரும்பும்போது கேக்கும் தேநீரும் மேசையில் இருக்கும். வாரத்தில் ஒருநாள் சமையற்காரருக்கு விடுப்பு, அன்றைக்கு வெளியே சாப்பிட வேண்டும். படிக்கச் சொர்க்கம் போல இருக்கிறதல்லவா? பகலில் ஆறு மணி நேரம்தான் மலை. மிச்சப் பதினெட்டு மணி நேரமும் அந்த எட்டுப் பேர்தான். பூட்டைக்கூடச் சாயங்காலம் கழற்றிவிடலாம்.

எங்கள் நான்காவது பயணத்தை நினைத்தால் இப்போதும் பல் கூசும். நாங்களும் எட்டுப் பேர். ஒருவருக்கு முதல் லிப்டிலேயே ஏற வேண்டும், ஏழு மணிக்கே பூட்டைத் தடதடவென்று தரையில் தட்டுவார். இன்னொருவர் இரவு இரண்டு மணி வரை சீட்டாடுவார். வெளியே சாப்பிட்ட அன்று, மது தொடாத இரண்டு பேரும் எட்டில் ஒரு பங்கு கொடுக்க வேண்டுமா என்று ஒரு பேச்சு ஆரம்பித்தது, அது ஊர் திரும்பும்வரை ஓயவில்லை. ஒரு நண்பர் வகுப்புக் காசை மிச்சம் பிடிக்கத் தன் மனைவிக்குத் தானே கற்றுக்கொடுத்தார். புதன்கிழமை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அந்த அம்மாள் தனியாகப் போய்ப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை கணவரைவிட நன்றாகச் சறுக்கினார்!

இதையெல்லாம்விடக் கொடுமை ஒன்று உண்டு, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேகமாக இறங்கியவர்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் 'வந்தாச்சா, கிளம்பலாம்' என்று பறப்பார்கள். காத்திருந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்தக் கடைசி ஆள் நான்தான். இப்போதெல்லாம் நான் கூட்டத்தோடு இறங்குவதில்லை. மதியம் ஒரு மணிக்கு இன்ன இடம் என்று பேசிக்கொண்டு அவரவர் வழியில் பிரிந்துவிடுவோம்.

அதற்கடுத்த ஆண்டு நானும் மனைவியும் மட்டும் போனோம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே ஷாலேயில் தனி அறை. பயந்துகொண்டேதான் போனேன். எங்களோடு எழுபது தாண்டிய ஒரு தம்பதி இருந்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம் அவசரமில்லாமல் சறுக்குவார்கள், மூன்று மணிக்கு மேல் மலையில் நிற்க மாட்டார்கள். கால் சோர்ந்த பிறகு 'கடைசியாக ஒரு தடவை' என்று ஏறுகிறவர்கள்தான் அடிபடுவார்கள் என்பது அந்தப் பெரியவரின் கட்சி. சாப்பாட்டு மேசையில் அவர்தான் சொன்னார், நாற்காலி லிப்ட் வந்த கதையை. அமெரிக்காவில் ஒரு ரயில் கம்பெனிப் பொறியாளர், வாழைக்குலைகளைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் முறையைப் பார்த்திருந்தாராம். கொக்கிக்குப் பதில் நாற்காலி தொங்கவிட்டார். 1936இல் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரில் அது ஓட ஆரம்பித்தது. அன்று முதல் ஒவ்வொரு தடவை அதில் உட்காரும்போதும் நான் ஒரு பூவன் தார்தான் என்று எனக்குத் தோன்றும்.

சுகமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்த காலையில் மலையில் ஒரு மௌனம் இருக்கும், பலகை பனியை அறுக்கிற சர்ரென்ற ஓசை மட்டும் கேட்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அதுவரை பலகை முனைகளைச் சேர்த்துக் கலப்பை மாதிரி தேய்த்துக்கொண்டு வந்தவன், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றியதும் தானாகத் திரும்புவாய். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பரவாயில்லை, அன்று இரவு மேசையில் நீயே நாலு தடவை சொல்லிவிடுவாய்.

அதனால் தேதி குறிப்பதற்கு முன்னால் எனக்கு இரண்டு விஷயம் எழுதி அனுப்பு. உங்கள் நால்வரின் பாத நீளம் சென்டிமீட்டரில் ஒன்று. அந்த எட்டுப் பேர் யார் யார் என்ற பட்டியல் இன்னொன்று. அதில் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் இரண்டு இடம் போட்டு வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்து எழுதியிருந்தாய். வருகிறோம். ஆனால் மூன்று வருடம் உன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன் நான், அந்தக் குறட்டை இன்னும் என் காதில் இருக்கிறது. ஷாலேயின் தரைப்படம் கிடைத்ததும் அனுப்பு. உன் அறைக்கு எதிர்க்கோடியில் இருக்கும் அறை எங்களுக்கு.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்