பட்டியலில் நாலாவது பேர்

அன்பு மகளுக்கு,

மூண்டு ஞாயிறாய் நீ போன் எடுக்கேல்லை. வேலை கூட எண்டு தம்பி சொன்னான். சரி. நேரத்துக்குச் சாப்பிடு, படு.

கொம்யூன், அதுதான் உங்கடை ஊர்ச்சபைத் தேர்தலுக்குக் கட்சி போட்ட பட்டியலில் நீ நாலாவது எண்டு இங்கை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உன்ர பேரைத் தடிச்ச எழுத்திலை போடுவினமோ எண்டு கேள். போட்டால் கட்சி எடுக்கிற வாக்கிலை 25 வீதம் உனக்குத் தனிவாக்காய்ச் சேரும். போடாட்டி சனம் உன்ர பேருக்கு நேரே புள்ளடி போட்டால்தான் உண்டு.

ஆஸ்பத்திரி வேலையை மட்டும் விடாதை. கூட்டத்துக்குப் போக லீவு தரவேணும் எண்டு சட்டமே இருக்கு. நோர்வே பிரதமராய் இருந்த குரூ ஹார்லெம் புருண்ட்லாண்டும் டொக்டர்தானே. 1974இலை அப்ப பிரதமராய் இருந்த பிரத்தெலி சுற்றாடல் அமைச்சராய்க் கூப்பிடேக்கை அவவுக்கு 35 வயது, எம்பிகூட இல்லை. நோர்வேயிலை அமைச்சருக்கு அது தேவையுமில்லை. எம்பி ஒருத்தர் அமைச்சரானாலும் அவற்ற கதிரையிலை பதிலாள்தான் இருப்பார். 1977 ஏப்ரலில் வடகடலிலை பிராவோ எண்ணெய்க் கிணறு பீறிட்டு ஒரு கிழமைக்கு மேலை எண்ணெய் கொட்டினது. உள்ளுக்குப் போட்ட வால்வைப் பிழையாய்ப் பூட்டினது வேறை ஆரோ. சனத்துக்குப் பதில் சொன்னது அவ.

1981 பெப்ரவரியிலை முதல் பெண் பிரதமர். ஒக்டோபரிலை பதவி போச்சு. 1986 மேயிலை திரும்பி வந்து, அமைச்சரவை 18 பேரிலை 8 பெண்களை வைச்சா. அது ஒரு நாளிலை வந்ததில்லை. ஆணோ பெண்ணோ 40 வீதத்துக்குக் குறையக்கூடாது எண்டு அவவின்ர தொழிற்கட்சி 1983இலையே விதி போட்டிட்டுது. வீட்டைப் பாத்தது மனுசன், அதுவும் எதிர்ப்பக்கத்து ஹொய்ர கட்சி ஆள்! நாலு பிள்ளையள்.

1992இலை மகனை இழந்தா. கட்சித் தலைமையை விட்டா. பிரதமராய் 1996 வரைக்கும் இருந்தா, பிறகு உலக சுகாதார நிறுவனம். உனக்குச் சின்னனிலை இந்தக் கதை சொல்லேக்கை 1992ஐ விட்டிட்டுத்தான் சொல்லுவன். பாரத்தை இறக்கி வைக்கலாம் எண்டு நான் உனக்குச் சொன்னதே இல்லை. போன மாசமும் எத்தினையாவது இடம் எண்டுதான் கேட்டனான். உன்ர குரல் ஒரு மாதிரி இருந்தது, எனக்கு விளங்கினது. நான் கேக்கேல்லை.

பட்டியலிலை இருந்து பேரை எடுக்கவேணும் எண்டால் எடு. சொன்ன ஆக்களுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

ஞாயிறு பின்னேரம் எடுப்பன். கதைக்க ஏலாட்டி எடுத்திட்டுச் சும்மா வைச்சிரு.

அம்மா